வேலூர்ப் பக்கம் புதிதாக ஆடு மாடு கோழி வளர்ப்பவர்களுக்கு: சட்டம் எங்கே என்ன கேட்கிறது?

பழைய வட ஆற்காடு முழுக்க, அதாவது இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில், வேறு வேலை பார்த்துக்கொண்டே கால்நடை வளர்க்கத் தொடங்குகிறவர்கள் நிறைய. வீட்டுக்குப் பின்னால் நாலு கறவை மாடு, சும்மா கிடக்கும் மானாவாரி நிலத்தில் முப்பது ஆடு, கம்பெனி ஒப்பந்தத்தில் ஒரு கறிக்கோழிக் கொட்டகை. பேங்க் லோன், தீவன விலை, பால் விலை எல்லாவற்றையும் நன்றாக விசாரித்துவிடுகிறார்கள். விலங்கு நலச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பது மட்டும், செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டச் சொன்ன பிறகுதான்.

அதற்கு முன்னால் எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே சொல்கிறேன். மாடு வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

முதலில், அடிப்படைச் சட்டம்

நாடு முழுமைக்கும் அடிப்படை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். அதில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. 3ஆவது பிரிவு, விலங்கைக் கவனிக்கும் பொறுப்பில் இருப்பவர் அதன் நலனுக்கு நியாயமான எல்லா ஏற்பாடும் செய்ய வேண்டும், தேவையில்லாத வலியும் துன்பமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பொறுப்பில் இருப்பவர் என்றால் சொந்தக்காரர் மட்டுமல்ல. கூலிக்கு மேய்க்கிறவர், வண்டி ஓட்டுகிற டிரைவர் எல்லோரும் அதில் அடக்கம்.

11ஆவது பிரிவு, எவையெல்லாம் வதை என்று பட்டியல் போடுகிறது. அடித்து உதைப்பது, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, நோயோ புண்ணோ உள்ள மாட்டை வேலைக்குப் பூட்டுவது, உடம்பைத் திருப்ப இடமில்லாத கூண்டில் அடைப்பது, குட்டைக் கயிற்றில் நெடுநேரம் கட்டிப்போடுவது, போதிய தீனி, தண்ணீர், நிழல் தராமல் விடுவது, வலிக்கும்படி ஏற்றிக்கொண்டு போவது, பட்டினி கிடந்து வாடட்டும் என்று தெருவில் விட்டுவிடுவது. இன்னும் இருக்கிறது, வளர்ப்பவருக்கு அதிகம் தேவைப்படுபவை இவை.

தண்டனை? முதல் தடவை 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம். தப்பாகப் படிக்கவில்லை, பத்து ரூபாய்தான். 1960இல் எழுதின தொகை அது. மூன்று வருடத்துக்குள் மறுபடி அதே குற்றம் என்றால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஐம்பது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றும். உண்மையான செலவு அபராதத்தில் இல்லை. வழக்குச் சொத்தாகப் பிடிபடும் விலங்குகளைப் பராமரிப்பது பற்றி 2017இல் தனி விதிகள் வந்தன. மாட்டைப் பிடித்தால் அதைக் கோசாலையிலோ காப்பகத்திலோ விடலாம். வழக்கு முடியும் வரை தீனிச் செலவு, மருத்துவச் செலவு, ஏற்றி இறக்கின செலவு எல்லாம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான். வண்டியில் ஏற்றிப் போகும்போது பிடிபட்டால் வண்டிச் சொந்தக்காரரும் அனுப்பியவரும் சேர்ந்தே பொறுப்பு. கறவை மாடு நாலு மாதம் வேறு இடத்தில் நின்றால் பால் போச்சு, அடுத்த சினையும் தள்ளிப் போச்சு. இதெல்லாம் போக, விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டத்தில், இதற்கு ஐந்து வருடம் வரை சிறை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நம் சட்டம் அடி, மீட்டர், டிகிரி என்று அளந்து பேசுவது பெரும்பாலும் விலங்கு சாலையில் போகும்போதுதான். கொட்டகைக்குள் நுழைந்ததும் 'போதிய', 'நியாயமான' என்று பொத்தாம்பொதுவாகப் பேசும். எது போதும் என்று சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். அதனால் முதல் மாடு வருவதற்கு முன்னாலேயே உங்கள் ஊருக்கு எந்தக் கால்நடை மருந்தகம், யார் கால்நடை உதவி மருத்துவர் என்று தெரிந்துகொண்டு ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கொட்டகை கட்டும்போது

2014இல் உச்ச நீதிமன்றம் இந்திய விலங்கு நல வாரியத்துக்கும் நாகராஜாவுக்கும் இடையிலான ஜல்லிக்கட்டு வழக்கில் கொடுத்த தீர்ப்பில், 'ஐந்து சுதந்திரங்கள்' என்று உலகம் முழுக்கப் பேசப்படுவதை 3, 11 ஆகிய பிரிவுகளோடு சேர்த்துப் படித்தது. பசி தாகம் இல்லாமை, உடல் அசௌகரியம் இல்லாமை, வலி, காயம், நோய் இல்லாமை, பயம், தவிப்பு இல்லாமை, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு. ஜல்லிக்கட்டு விஷயத்தில் பிறகு நிலைமை மாறிவிட்டது, அதற்குக் கீழே வருகிறேன். கொட்டகையைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல பட்டியல் எனக்குத் தெரியாது.

இடத்தைப் பொறுத்தவரை பயிற்சிகளில் சொல்லும் அளவு இது: ஒரு பெரிய கறவை மாட்டுக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டர், திறந்த வெளியில் 7 சதுர மீட்டர். வளர்ந்த ஆட்டுக்குக் கூரைக்குக் கீழே ஒரு சதுர மீட்டர். இவை பரிந்துரைகள்தான், மீறினால் அபராதம் என்ற கணக்கு இல்லை. ஆனால் யாராவது புகார் கொடுத்து மருத்துவர் பார்க்க வந்தால் இந்த அளவுகளை மனதில் வைத்துத்தான் பார்ப்பார்.

நம் பக்கத்துக்கு இடத்தைவிடப் பெரிய பிரச்சினை வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், சிமெண்ட் ஷீட்டோ தகரமோ போட்டுத் தாழ்வாகக் கட்டின கொட்டகையில் ஜெர்சி கலப்பு மாட்டைப் பகல் முழுக்கக் கட்டினால் அது நாக்கைத் தொங்கப்போட்டு வாயால் மூச்சு வாங்கும். நிழல் கொடுத்தேன் என்று சொல்லலாம். போதிய நிழலா என்பது வேறு கேள்வி. கொட்டகையின் நீளவாக்குக் கிழக்கு மேற்காக இருக்கட்டும், அப்போது வெயில் உள்ளே ஏறுவது குறையும். ஷீட்டுக்கு மேல் தென்னங்கீற்று பரப்புங்கள். பக்கச் சுவரை இடுப்பளவோடு நிறுத்துங்கள், காற்று ஓடட்டும். கறவை மாடு நாளுக்கு 60 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும், கத்திரியில் இன்னும் ஏறும். காலை ஒரு குடம், மாலை ஒரு குடம் என்பது தண்ணீர் காட்டுவது ஆகாது. தீனி போடும் காடிக்குப் பக்கத்திலேயே எந்நேரமும் நிறைந்திருக்கிற தொட்டி வேண்டும்.

தரையைப் பலர் கவனிப்பதில்லை. வழவழவென்று பூசின சிமெண்ட் தரையில் மாடு படுத்து எழும்போது முழங்கால் தேய்ந்து வீங்கும், குளம்பு வழுக்கும். பூசும்போதே வரிவரியாகக் கோடு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் விரிப்பு போட வேண்டும். கயிறு, மாடு தடையில்லாமல் படுத்து, தலையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொள்ளும் நீளமாவது இருக்க வேண்டும். முடிந்தால் பகலில் சில மணி நேரம் அவிழ்த்து விடுங்கள்.

கிடாக்கன்று பற்றியும் ஒரு வார்த்தை. கலப்பினக் கிடாக்கன்றால் பாலும் இல்லை, உழவுக்கும் ஆகாது என்று சீம்பால்கூடச் சரியாகக் கொடுக்காமல் ஒதுக்கிவிடுவதும், கொஞ்சம் வளர்ந்ததும் பைபாஸ் ஓரம் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. 11ஆவது பிரிவு இரண்டையும் வதை என்கிறது. செய்கிறவர்கள் அதை வதை என்று நினைப்பதே இல்லை என்பதுதான் சங்கடம்.

சந்தையில் வாங்கும்போது

செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை. ஆடு என்றால் திங்கட்கிழமை கே.வி.குப்பம், வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர். ஆந்திரா, கர்நாடகப் பக்கத்திலிருந்தும் மாடு வரும். விடியற்காலையிலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும். துண்டுக்குக் கீழே விரலைப் பிடித்து விலை பேசுவது, வாயைத் திறந்து பல் பார்ப்பது எல்லாம் தரகரிடம் விட்டுவிடலாம். நீங்கள் பார்க்க வேண்டியது மடியை.

"இன்னாண்ணா யோசிக்கிற, மடியப் பாருண்ணா, வேளைக்கு எட்டு லிட்டரு" என்பார் தரகர். மடி உண்மையிலேயே விண்ணென்று தெறிக்கிற மாதிரி இருக்கும். முதல் நாள் சாயங்காலமே கறக்காமல் விட்டிருப்பார்கள், சில மாடுகளை அதற்கும் முந்தைய வேளையிலிருந்து. பின்னங்காலைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நிற்கும் மாட்டைக் கண்டால் புரிந்துகொள்ளுங்கள். மடியைத் தொட்டால் உதைக்கும். சந்தைக்கு மடி கட்டுவது எல்லோரும் செய்கிற தொழில் தந்திரம் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். தேவையில்லாத வலி என்று சட்டம் சொல்வதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் வேண்டுமா? இப்படிக் கட்டின மடியில் மடிநோய் வரும் வாய்ப்பு அதிகம், அந்த மருத்துவச் செலவு வாங்கினவருக்கு. முடிந்தவரை மாட்டுக்காரர் வீட்டுக்கே போய், மாலை ஒருமுறை காலை ஒருமுறை கறந்து பார்த்து வாங்குங்கள்.

11ஆவது பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. பட்டினி, தாகம், நெரிசல், சித்திரவதையால் வலியில் இருக்கும் விலங்கை விற்கக் கொண்டுவருவது குற்றம்; தக்க காரணம் இல்லாமல் அப்படி ஒன்றைக் கையில் வைத்திருப்பதும் குற்றம். பாவப்பட்டு நொண்டி மாட்டை மலிவாக வாங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் காரணம்.

சந்தையில் சுங்கம் கட்டின ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். மாட்டின் காதுத் தோட்டில் இருக்கும் 12 இலக்க எண்ணை போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். காப்பீடு, தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றுக்கும் அந்த எண்தான்.

2017இல் மாட்டுச் சந்தைக்கே தடை வந்ததே என்று யாராவது பயமுறுத்தலாம். அந்த வருடம் மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்த சந்தை விதிகளை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிறுத்தி வைத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. சந்தை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வண்டியில் ஏற்றும்போது

மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளும், அவற்றில் 2001இல் சேர்த்தவையும், மத்திய மோட்டார் வாகன விதிகளும் சேர்ந்து கேட்பவை இவை.

மாடு பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். இது இல்லாமல் வண்டியைக் கிளப்பாதீர்கள். நோயுற்றது, கண் தெரியாதது, எலும்பும் தோலுமானது, நொண்டுவது, களைத்துப்போனது, வழியிலேயே ஈன்றுவிடக்கூடியது, கன்று ஈன்று 72 மணி நேரம் ஆகாதது, பிறந்த குட்டி, இவற்றை ஏற்றவே கூடாது. அந்த 72 மணி நேரத்தை இரண்டு முறை படியுங்கள். சந்தையில் நல்ல விலைக்குப் போவது நேற்று ஈன்ற இளங்கன்று மாடுதான். அதை வாங்கினால் விதிப்படி அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போக முடியாது. விற்கிறவர் வீட்டிலேயே மூன்று நாள் விட்டு வைக்க ஏற்பாடு செய்துகொள்ள முடிந்தால் வாங்குங்கள்.

ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாட்டுக்கு மேல் கூடாது. அது பெரிய லாரிக்கும் பொருந்தும் உச்சவரம்பு. சின்ன வண்டிக்கு வேறு கணக்கு: ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர், ஓர் ஆட்டுக்கு 0.3 சதுர மீட்டர். நம் ஊரில் எல்லோரும் பிடிக்கிற டாடா ஏஸ் வண்டியின் பின்தட்டு ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடி அகலம். பெருக்கினால் 35 சதுர அடி, அதாவது 3.25 சதுர மீட்டர். ஒரு மாடு, கூட அதன் கன்று. அவ்வளவுதான் இடம். ஆடு என்றால் பத்து. "ரெண்டு மாடு ரெண்டு கன்னு தாராளமா ஏறும்ணா, தெனம் ஏத்தறோம்" என்று டிரைவர் சொல்வார். ஏறும், அதில் சந்தேகமில்லை. வழியில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர். வாடகை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் பிக்கப் வண்டி பிடித்து, டேப்பை வைத்துத் தட்டை அளந்து பார்த்து இரண்டு மாட்டை ஏற்றுங்கள்.

தட்டில் வழுக்காமல் இருக்கத் தேங்காய் நார்ப் பாயோ மரப்பலகையோ போட வேண்டும் என்பதும் விதியிலேயே இருக்கிறது. மணலைக் கொட்டி மேலே வைக்கோல் பரப்புகிறார்கள், நார்ப் பாய் அதைவிட நல்லது. பக்க அடைப்பு தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்ட வேண்டும். மாட்டோடு வேறு சரக்கு கூடாது; மாட்டுக்குப் பக்கத்தில் நாலு மூட்டை புண்ணாக்கு ஏற்றுவதும் விதிமீறல்தான். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் கூட வர வேண்டும். முதலுதவிப் பெட்டி வேண்டும். மாடு இன்ஜின் பக்கம் முகம் வைத்து நின்றால் மிரளாது. அனுப்புகிறவர், பெறுகிறவர் பெயர், முகவரி, எத்தனை மாடு என்று எழுதின அட்டையும் இருக்கட்டும். ஏற்றும்போது வாலை முறுக்குவது, கண்ணில் மிளகாய் தேய்ப்பது எல்லாம் பழைய காலம் என்று நினைத்தால், ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். சாய்வான மேடோ பலகையோ இருந்தால் மாடு தானே ஏறும். கொட்டகைக்கு முன்னால் மண்ணைக் கொட்டி ஒரு மேடு செய்துகொள்வது ஒருநாள் வேலை, வருடக்கணக்கில் உதவும்.

ஆட்டின் நாலு காலையும் கட்டி பைக்கின் பின்சீட்டில் குறுக்கே போட்டுக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். ஆடுகளுக்கான போக்குவரத்து விதிகள் நீண்ட பயணத்துக்கானவை என்றாலும், வலிக்கும்படி ஏற்றிச் செல்வது என்ற 11ஆவது பிரிவுக்குத் தூரக் கணக்கு கிடையாது. ஷேர் ஆட்டோ பிடியுங்கள்.

நடத்தியே ஓட்டிக்கொண்டு போவதானால் 2001இல் வந்த தனி விதிகள் உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு மேல் என்றால் மருத்துவர் சான்று வேண்டும். சூரியன் உதிக்கும் முன்பும் மறைந்த பின்பும் ஓட்டக்கூடாது. மாடுகளுக்கு வெப்பம் 12 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் இருக்க வேண்டும். வேலூரில் அது மார்கழி, தை மாதத்தில் காலை நேரம்.

வேலை மாடும் வெயிலும்

வண்டியில் மாட்டைப் பூட்டுகிறவர்களுக்கு 1965ஆம் ஆண்டு விதிகள். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு கொடுக்காமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது மாட்டின் அளவையும் சக்கரத்தின் வகையையும் பொறுத்து மாறும், அதற்கு விதியிலேயே அட்டவணை உண்டு. வெப்பக் கணக்கு மட்டும் நம் ஊருக்காகவே எழுதின மாதிரி இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் மதியம் மாடு நிழலில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி, மருந்து, சூடு

பால் இறங்குவதற்கு ஊசி போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகிக்கொள்ளுங்கள். 1960 சட்டத்தின் 12ஆவது பிரிவு இதற்கென்றே தனியாக இருக்கிறது. பிறப்புறுப்பில் காற்றூதிப் பால் இறக்குவது, பால் சுரப்புக்காக உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போடுவது, இரண்டுக்கும் 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை அல்லது இரண்டும், அதற்கு மேல் மாடே அரசுக்குப் போய்விடும். பால் இறக்கப் போடுகிற அந்த ஆக்ஸிடோசின் ஊசி, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் மருந்தே அல்ல.

வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது கால்நடைகளுக்கு 2006லேயே தடையாகிவிட்டது. அதைப் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்துபோனதுதான் காரணம். கோழிக்கும் மாட்டுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் 2019இல் தடை ஆனது. பழைய ஸ்டாக் என்று கடைக்காரர் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

காயடிப்பது, கொம்பு சுடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது ஆகியவற்றை விதித்த முறைப்படி செய்தால் சட்டம் குற்றமாக்கவில்லை. மருத்துவரை வைத்து, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யுங்கள். வயிறு உப்புசத்துக்கும் வாதத்துக்கும் பழுக்கக் காய்ச்சின கம்பியால் சூடு போடுவது இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அது வைத்தியமும் இல்லை, முறையும் இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் மண்டிக்காரரைக் கேளுங்கள். சூட்டுத் தழும்பும் முள் கீறலும் உள்ள தோலுக்கு விலை எவ்வளவு விழும் என்று அவர் சொல்வார்.

நோய் விஷயத்தில் 2009இல் வந்த தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் உங்கள் மேல் ஒரு கடமை வைக்கிறது. கோமாரி, ஆட்டம்மை, பறவைக் காய்ச்சல், அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) போன்ற, சட்டத்தின் பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தால் கிராம அலுவலருக்கும் மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். நன்றாக இருந்த ஆடோ மாடோ திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்தால் அது அடைப்பானாக இருக்கலாம். அறுக்காதீர்கள், தோலை உரிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். இந்தப் பக்கத்தில் மனிதர்களுக்கும் அது தொற்றியிருக்கிறது. தடுப்பூசி நம் ஊரிலேயே தயாராகிறது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அந்த வேலையைத்தான் செய்கிறது.

கோழிக் கொட்டகை போடுகிறவர்கள்

சட்டம் நெடுங்காலம் மிகவும் மௌனமாக இருந்தது கோழியிடம்தான். கூண்டு, அசைய இடம் கொடுக்க வேண்டும் என்ற 11ஆவது பிரிவு கோழிக்கும் பொருந்தும், ஆனால் எத்தனை சதுர சென்டிமீட்டர் என்று அதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 2012 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. இங்கே 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தனது 269ஆவது அறிக்கையில் முட்டைக்கோழி, கறிக்கோழி இரண்டுக்கும் விதி வரைவு எழுதிக் கொடுத்தது. முட்டைக்கோழிக்கு 2023இல் தனி விதிகள் வந்தன.

ஏற்றிச் செல்வதில் எல்லாக் கோழிக்கும் அளவு தெளிவு. வெப்பம் 25 டிகிரிக்கு மேலோ 15 டிகிரிக்குக் கீழோ இருந்தால் கோழியை ஏற்றக் கூடாது, வெயிலும் மழையும் நேர்க்காற்றும் படக்கூடாது. இதை எழுதினவர் வேலூர் வந்ததில்லை போலும். முழுமையாகக் கடைப்பிடிக்க முடியாவிட்டாலும், இரவு பத்து மணிக்கு மேல் ஏற்றி விடிவதற்குள் இறக்குவது, கூடைக்கு இரண்டு மூன்று கோழியைக் குறைப்பது, வண்டியை வெயிலில் நிறுத்தி டீ குடிக்காமல் இருப்பது ஆகிய மூன்றும் செலவில்லாதவை. வழியில் சாகிற கோழி யார் கணக்கில் போகும் என்று உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காளை வைத்திருந்தால்

தை பிறந்தால் நம் மாவட்டங்களில் காளை விடும் விழா. 2017இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்து இதை ஜல்லிக்கட்டோடு சேர்த்து அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் 2023 மே 18 அன்று அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அனுமதி உண்டு, ஆனால் விதிகளோடு. மாவட்ட ஆட்சியர் அனுமதி, விழாவுக்கு முன்னால் கால்நடை மருத்துவர் பரிசோதனை. சாராயம் ஊற்றுவது, கண்ணில் மிளகாய்ப்பொடி தூவுவது, ஊசியால் குத்துவது எல்லாம் பழையபடியே குற்றம். விழாவுக்காகக் காளையை லாரியில் ஊர் ஊராகக் கொண்டுபோகும்போது மேலே சொன்ன பயண விதிகள் அப்படியே பொருந்தும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விற்பதும் அறுப்பதும்

தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958இன்படி மாட்டை அறுக்க, பத்து வயதைத் தாண்டியது, உழவுக்கோ இனப்பெருக்கத்துக்கோ ஆகாதது என்றோ, நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று வேண்டும். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் எல்லா விலங்குக்கும்: நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும், சினை விலங்கு, மூன்று மாதம் ஆகாத குட்டி, மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி உள்ள தாய், இவை கூடாது, மற்ற விலங்குகள் பார்க்க அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் மணிக்கு 12 விலங்குக்கு மேல், ஒரு நாளில் 96க்கு மேல் பரிசோதிக்கக் கூடாது என்றும் உண்டு. ஆட்டுத்தொட்டிக்கு ஆடு கொடுக்கிறவர்கள் சினை பார்த்துப் பிரித்துவிட்டுக் கொடுங்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதை 1960 சட்டத்தின் 28ஆவது பிரிவு குற்றமாக்கவில்லை.

புகார் செய்யவும் புகார் வந்தாலும்

வதை நடப்பதைப் பார்த்தால் முதலில் வீடியோ, வண்டி எண், நேரம், இடம். அப்புறம் அருகில் உள்ள காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நகலை மாவட்டக் கால்நடைத் துறை இணை இயக்குநருக்கும் அனுப்புங்கள். மாவட்டந்தோறும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்க வேண்டும் என்பது 2001 விதி. அடிபட்ட விலங்குக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். நீங்களே கயிற்றை அவிழ்த்து மாட்டை இறக்கப் போகாதீர்கள். அது அடிதடியில்தான் முடியும், மாட்டுக்கும் நல்லதில்லை.

உங்கள் மேலேயே புகார் வந்தால் வாக்குவாதம் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் வாங்கின ரசீது, காதுத் தோட்டு எண், தடுப்பூசி அட்டை, மருத்துவர் சீட்டுகள், பயணச் சான்று இவற்றின் நகல் எப்போதும் இருக்கட்டும். வண்டியில் போகும்போது அந்த ஃபைல் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில். மாட்டைப் பிடித்துவிட்டால், எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள், எத்தனை, காதுத் தோட்டு எண் என்ன என்று எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த நாளே வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். கறவை மாடு என்பதையும் அதற்குக் கன்று இருக்கிறது என்பதையும் மனுவில் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.